நுனி பொறுக்காத மனிசன்

எங்கள் கிணற்றில் இரண்டு பேருக்குப் பங்கு. அம்மா தன் வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து அக்காவுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி என்று சீதனம் எழுதினபோது கிணறு என் பாதிக்குள் விழுந்துவிட்டது. அதனால் காணி உறுதியில் ஒரு வரி சேர்த்தார்கள். அக்காவின் வளவிலிருந்து கிணற்றுக்குப் போகவரப் பாதை உண்டு, அதை ஒருவரும் மறிக்க ஏலாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டி எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். வேறொன்றுக்குமில்லை, அந்த மனிசனை மறிக்க அதில் ஏதும் வழி கிடக்குதோ என்று பார்க்கத்தான்.

அந்த மனிசன் என் அக்காவின் புருசன், எனக்கு அத்தார். அக்கா செத்துக் கனகாலம் ஆனபிறகும், ஊருக்குக் குழாய்த் தண்ணி வந்தபிறகும், விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வாளியோடு என் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போவார். குழாயில் குளித்தால் குளித்த மாதிரி இல்லையாம்.

போகட்டும். பாதை அவருக்கு உள்ளது. ஆனால் போகிற வழியில் அந்தக் கை சும்மா இராது.

சரவணைத் தோட்டத்தில் நாற்பது வருசம் புகையிலை வைத்த கை அது. புகையிலைக் கன்று இடுப்பளவு வந்தால் நுனியைக் கிள்ள வேண்டும். விட்டால் பூத்துவிடும், இலை மெலிந்துபோகும். கிள்ளினால் கணுவுக்குக் கணு பக்கத்தளிர் வெளிக்கிடும், அதையும் முறிக்க வேண்டும். வெயிலோ பனியோ, ஆயிரம் கன்றுக்கும் குனிந்து குனிந்து கிள்ளினவர். வலது பெருவிரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். புகையிலைப் பிசின் ஏறி அது கறுத்துக் கிடந்தது. தோட்டத்தை விட்டு எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் எந்தச் சவர்க்காரத்துக்கும் அது வெளுக்கவில்லை.

அவர் தோட்டத்தை விட்டாரே தவிர, விரல் விடவில்லை. என் மிளகாய்க் கன்றில் நுனி இராது, கத்தரியில் இராது. வேலியில் தப்பித்தவறி முளைத்த பூவரசங்குருத்துக்கூட இராது. ஒருக்கா நயினாதீவுக் கோவிலுக்குப் போகவென்று இறங்குதுறையில் படகுக்கு நின்றோம். தேத்தண்ணிக் கடைக்காரன் தகரப் பேணியில் ஒரு குரோட்டன் கன்று வைத்திருந்தான்.

"ஐயா, உதென்ன வேலை?" என்று கத்தினான்.

"என்ன?"

"என்ரை குரோட்டனை முறிச்சுப்போட்டியளே!"

அத்தார் தன் கையை விரித்துப் பார்த்தார். உள்ளே நுனி கிடந்தது. "ஓ, வந்திட்டுது" என்றார். வந்திட்டுதாம்! அது தானாய் நடந்து வந்து இவரின் கைக்குள் விழுந்ததாம். ஊர்ச் சனம் முழுக்கச் சிரித்தது. நான் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றேன்.

பேச்சிலும் அதே குணம்தான். நான் ஒரு விசயத்தை அடியிலிருந்து சொல்லத் தொடங்கினால், "முடிவைச் சொல்லும்" என்பார். கனடாவிலிருந்து அவரின் ஒரே மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "சாப்பிட்டன். சுகம். வை." இவர் சொல்வது அவ்வளவுதான். பிறகு அவள் எனக்கு எடுத்து அழுவாள். "சித்தி, நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை." தன் சொல்லையும் அப்படித்தான் பாதியில் நிறுத்துவார். அக்காவின் செத்தவீட்டன்று எல்லோரும் போனபிறகு என்னைப் பார்த்து "இனி..." என்றார். இனி என்ன என்று நானும் நின்று பார்த்தேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அக்கா ஒருத்தியின் பேச்சுக்கு மட்டும் அந்த மனிசன் குறுக்கே வந்ததில்லை. அவள் நல்ல உயரம், நல்ல குரல். என்னைக் "கட்டைச்சி" என்று கூப்பிடுவாள், மூன்று வளவுக்குக் கேட்கும். அவள் மணிக்கணக்காய்க் கதைப்பாள். இவர் ஓலையில் ஈர்க்குக் கிழித்துக்கொண்டு கேட்டபடி இருப்பார்.

இனி என் செவ்வரத்தைக்கு வருகிறேன், சினிமாவில் செம்பருத்தி என்பார்களே, அதுதான்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருசம், கோவிலடியில் ஒரு பெரிய வீடு எழும்பியது. மகன் சுவிசிலிருந்து காசு அனுப்ப, தாய் நின்று கட்டுவித்தாள். ஊரில் அதற்குச் சுவிஸ் வீடு என்று பெயர், அவளுக்குச் சுவிஸ் வீட்டுக்காரி. அந்த வீட்டு இரும்பு கேற்றின் இரண்டு பக்கமும் இரண்டு சாடி. சாடிக்குள் செவ்வரத்தை, ஆனால் நாங்கள் அறிந்த செவ்வரத்தை இல்லை. எங்களுக்குச் செவ்வரத்தை என்றால் வேலிக்கரைப் பற்றை. கோவிலுக்குப் பூ, ஆட்டுக்குக் குழை. இது ஒற்றைக் காலில் நேராய் நின்றது. இடுப்புக்கு மேலே வரை ஒரு இலையில்லை, அதற்கு மேலே விரித்த குடை மாதிரி வட்டமாய் இலையும் பூவும். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கண்டுவிட்டாள்.

"உது கொழும்பிலை வாங்கினது அக்கா. இஞ்சத்தை உப்புத் தண்ணிக்கும் வேலித்தடிக்கும் உப்பிடி வராது. உங்களுக்கு உது ஏலாது" என்றாள். கோவிலுக்கு வந்த நாலு பெண்டுகள் பக்கத்தில் நின்றவர்கள்.

எனக்கு ஏலாது என்று ஒருத்தி நாலு பேருக்கு முன்னால் சொல்லிப்போட்டுப் போக நான் விட்டதில்லை.

"அடுத்த கொடியேற்றத்துக்கு என்ரை வாசலுக்கு வாரும். இதைவிட வடிவா ஒண்டு நிக்கும். வேலித்தடியிலைதான்" என்றேன்.

சொன்னபிறகுதான் எங்கே வைப்பதென்று யோசித்தேன். என் முற்றம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஒரு முழம் தோண்டினால் அலவாங்கு டங் என்று சொல்லும். வாசலுக்கு நேரே மண் இருக்கிற இடம் ஒன்றுதான். கிணற்றடியில் குளிக்கிற தண்ணி ஓடிவருகிற வாய்க்கால் கரை. அந்தக் கரையோடுதான் அத்தாரின் பாதை.

கார்த்திகை மழையில் செவ்வரத்தைத் தடி ஊன்றினேன். துளிர்த்தது. பக்கத்தளிரெல்லாம் நானே முறித்து ஒன்றை மட்டும் மேலே விட்டேன். தைப்பொங்கலுக்குள் முழங்காலளவு. ஒரு நாள் விடியப் பார்த்தால் நுனி இல்லை. ஆடு என்று நினைத்தேன். ஆடு கடித்தால் பிய்ந்துதான் இருக்கும். இது நகத்தால் எடுத்த மாதிரிச் சுத்தமாய் இருந்தது. மற்றத் தளிர் ஒன்றை நிமிர்த்தி வளர விட்டேன். அதுவும் போனது. மூன்றாம் தரம், விடிய எழும்பி விறாந்தையில் குந்தியிருந்தேன்.

"அத்தார்!"

நின்றார்.

"கையிலை என்ன?"

விரித்துப் பார்த்தார். "நுனி."

"ஆரின்ரை நுனி?"

"உம்மடை."

"என்னத்துக்குக் கிள்ளினனீங்கள்?"

"கிள்ளினாச் சடைக்கும்."

"சடைக்கக்கூடாது எண்டுதானே நான் படாத பாடு படுறன்! உது மரமா வரவேணும், மரமா!"

"செவ்வரத்தையோ?"

"ஓம், செவ்வரத்தைதான்."

"கண்டறியாத வேலை" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கொடியேற்றம் வந்தது. என் வாசலில் நின்றது நல்ல கொழுத்த பற்றை. சுவிஸ் வீட்டுக்காரி பட்டுச்சேலையோடு வந்து பார்த்தாள். "நல்லாய்ச் சடைச்சிருக்கு அக்கா. ஆட்டுக்கு ஆகும்" என்றாள். அவள் போனபிறகு வேரோடு பிடுங்கி ஆட்டுக்கே போட்டேன். ஆடுகூட அரைவாசிதான் தின்றது.

அடுத்த கார்த்திகை திரும்ப ஊன்றினேன். விடுகிற ஆள் நானில்லை. இந்த முறை சுற்றிவரப் பனைமட்டை நட்டுக் கூடு கட்டினேன். அத்தார் கூட்டுக்குள் கையை விட்டு, கோழிக்கு அடியில் முட்டை எடுக்கிற மாதிரிக் கிள்ளினார். முள்ளுக் கொப்பு வைத்தேன். முள்ளுக் குத்தின விரலைச் சூப்பிக்கொண்டு போனார், மற்றக் கையில் நுனி.

"அத்தார், இனி ரெண்டு கையிலையும் வாளியோடை வாறதெண்டா வாங்கோ. இல்லையெண்டா வரவேண்டாம்" என்றேன்.

சொன்னபடி கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சத் தண்ணி அள்ளவும் இரண்டு வாளி கொண்டுவந்தார். போகும்போது இரண்டு கையிலும் வெறும் வாளி, திரும்பும்போது இரண்டு கையிலும் நிறைந்த வாளி. கன்றைக் கடக்கும்போது மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார், கள்ளுக்கடையைத் தாண்டுகிற குடிகாரன் மாதிரி. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாய் இருக்கும். கன்று மளமளவென்று வந்தது. பங்குனியில் என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

ஒரு பின்னேரம் ஒரு வாளியின் பிடி கழன்றுபோய்விட்டது. மனிசன் ஒற்றை வாளியோடு வந்தார்.

நான் குசினியிலிருந்து வெளியே வந்து பார்க்கிறேன், நெஞ்சுக்கு நேரே நின்ற நுனி இல்லை. அத்தார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தான்தான் கிள்ளினதென்று நம்ப ஏலாத மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு எங்கேயிருந்து அந்தச் சொல்லெல்லாம் வந்ததோ தெரியாது.

"அக்காவையும் உப்பிடித்தானே வைச்சிருந்தனீங்கள். அவளை ஒரு சொல் நீட்டிக் கதைக்க விட்டனீங்களோ? தலையெடுக்க விட்டனீங்களோ? கிள்ளிக் கிள்ளியே அனுப்பிப்போட்டியள்!"

முழுப்பொய். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"அவ..." என்று வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கையில் இருந்த நுனியைப் பனைமட்டைக்கு மேலே வைத்தார். கொண்டுவந்த வாளியை வெறுமனே எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அடுத்தநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தெருக் குழாயடியில் பெண்டுகளுக்குப் பின்னால் வாளியோடு நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். நானும் ஒருநாள் கண்டேன். கூப்பிடவில்லை. நான் ஏன் கூப்பிடவேண்டும்? கிள்ளினது அவர். உறுதியில் எழுதின பாதையில் நெருஞ்சி முளைத்துப் படர்ந்தது.

கிள்ளின இடத்துக்குக் கீழே வந்த தளிர்களில் ஒன்றை விட்டு மற்றதை முறித்தேன். மறிக்க ஆளில்லாமல் அது ஏறினது ஏறினதுதான். ஆனியில் என் தலையைத் தாண்டியது. ஆவணியில் அதற்கும் மேலே ஒன்றரை முழம். ஆனால் குடையைக் காணவில்லை. உச்சியில் நாலு இலை, ஒரு பூ. சோளகக் காற்று அடிக்க அடிக்க, மீன் இழுத்த தூண்டில் தடி மாதிரி வளைந்து நிலத்தைத் தொட்டு எழும்பும். பனஞ்சலாகை ஒன்று நட்டுச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

கொடியேற்றத்தன்று சுவிஸ் வீட்டுக்காரி வந்தாள். சுவிசிலிருந்து வந்த உறவெல்லாம் பின்னால். அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா, வீட்டிலையும் கொடியேற்றமோ? கயிறு ஒண்டுதான் குறை."

வந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு விட்டாளா? போகும்போது இரக்கப்பட்டு ஒரு கதை சொன்னாள்.

"வேண்டின உயரம் வந்தாப்போலை நுனியைக் கிள்ளவேணும் அக்கா. அப்பத்தான் மேலை குடையாய் விரியும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லையோ?"

கிள்ளவேணுமாம்! நான் எதற்காக இரண்டு வருசம் விடிய எழும்பிக் காவல் இருந்தேனோ, எதற்காகச் செத்த அக்காவை இழுத்துப் பொய் சொன்னேனோ, அதைத்தான் கடைசியில் செய்யவேணுமாம். படலையைப் பூட்டிக்கொண்டு குசினிக்குள் போய்க் குந்தினேன்.

நானே கிள்ளலாம்தான். கத்தியோடு எத்தனை தரம் போய் நின்றேன். எந்த உயரத்தில் என்று தெரியவில்லை. கை எழும்பவும் இல்லை. அவ்வளவு சண்டை பிடித்துக் காத்த நுனி.

பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தாரின் படலையைத் தட்டினேன். கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை.

"அத்தார், ஒருக்கா வாங்கோ."

பிறகு எழும்பினார். வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நெருஞ்சியில் வெறுங்காலோடு நடந்துவந்தார். மரத்தைச் சுற்றி இரண்டு தரம் வந்தார், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

"கிள்ளுங்கோ" என்றேன்.

"இப்ப வேண்டாம். மண் காய்ஞ்சு கிடக்கு. மழை விழட்டும்."

"உலகத்திலை ஒரு நுனியை விட்டு வைக்கேல்லை. நான் வாய்விட்டுக் கேட்கேக்கை மாட்டியளோ?"

"பட்டுப்போம்."

வேலியில் இருந்து ஒரு ஓலைக்கீற்று உருவினார். மரத்தின் தண்டில் ஒரு இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். பின்னால் போய் நின்று பார்த்தார். வந்து அவிழ்த்து, இரண்டு விரல் மேலே ஏற்றித் திரும்ப முடிந்தார். திரும்பவும் பின்னால் போய் நின்று பார்த்தார்.

"உதிலை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிச்சுக்கு மேலே ஒரு முழத்துக்கும் கூடக் கிடந்தது. "இவ்வளவையும் வெட்டி எறியிறதோ? நான் உயரமா வேணுமெண்டுதானே வளர்த்தனான். ஏன் உதிலை?"

"உது..." என்று தொடங்கினார். பிறகு, "உது காணும்" என்றார். போதுமாம்! கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு போனார்.

மழைக்கு முந்தி கனடாவிலிருந்து மகள் வந்துவிட்டாள். தகப்பனைத் தனியே விட ஏலாது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எல்லா அலுவலும் முடித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். போகிற அன்று தெருவில் வான் நிற்க, அத்தார் காற்சட்டை போட்டுக்கொண்டு பாதையால் வந்தார். கையில் வாளி இல்லாமல் அவரை அந்தப் பாதையில் நான் கண்டது அன்றுதான். கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது சலாகைக்கு மேலே காற்றுக்கு வளைந்த நுனி அவரின் தோளில் தட்டியது. நான் அந்தப் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எழும்பியது. கிள்ளிப்போட்டுப் போ மனிசா, என் கரைச்சல் தீரட்டும் என்று வாய்வரை வந்தது. கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மழை வரட்டும்" என்றார். போய்விட்டார்.

மழை வந்தது. நான் வெட்டவில்லை. ஒரு முழத்துக்கும் மேலே வெட்டு என்று முடிச்சுப் போட்டுவிட்டு, ஏன் என்று சொல்லாமல் ஒருவர் விமானம் ஏறிப் போவாராம், நான் கீழ்ப்படிந்து வெட்டவேணுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவர் எனக்கு எடுத்தார்.

"கிள்ளினீரோ?"

"இல்லை."

"வை."

இப்படி எத்தனை ஞாயிறு. தையில் அங்கேயே முடிந்துபோனார். நித்திரையிலாம். மகள் எடுத்து அழுதாள். "சித்தி, என்ரை யன்னல்கரைச் சாடி ஒண்டிலையும் நுனி இல்லை. இவ்வளவு நாளும் ஏசிக்கொண்டிருந்தனான். இப்ப அதுகளைப் பார்க்க ஏலாமல் கிடக்கு."

"கடைசியா ஏதும் சொன்னவரோ?"

"அப்பா எப்ப சித்தி ஒண்டை முழுசாச் சொன்னவர்?"

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று இங்கே நானும் கிணற்றில் தோய்ந்தேன். மாசி, மண்ணில் இன்னும் ஈரம் கிடந்தது. ஈரத் தலையோடு கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். ஓலை முடிச்சு காய்ந்து இறுகி, போட்ட இடத்திலேயே இருந்தது. எட்டுமோ என்று பார்க்கத் தண்டோடு ஒட்டி நின்று தலைக்கு மேலே கையை வைத்தேன். என் உச்சிக்கும் முடிச்சுக்கும் நடுவில் சரியாய் நாலு விரல் போனது.

நாலு விரல்.

இதே கிணற்றடியில், துலாக்காலில் அம்மா எங்கள் இருவரையும் முதுகுக்கு முதுகு நிறுத்தி அளப்பா. எப்போது அளந்தாலும் மூத்தவள் நாலு விரல் கூட. அக்கா சாகும்வரை அந்த நாலு விரலை எனக்கு விட்டுத்தரவில்லை. அந்தப் பாதையால் வாளியோடு அவள் அவருக்கு முன்னால் கதைத்துக்கொண்டு நடந்துபோவாள், இவர் பின்னால் வருவார். எவ்வளவு காலம் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார்! அதுதான் பின்னால் போய் நின்று நின்று பார்த்திருக்கிறார். அதுதான் அவிழ்த்து இரண்டு விரல் ஏற்றியிருக்கிறார்.

முடிச்சோடு வைத்து வெட்டினேன். தண்டு கொழகொழவென்று கையில் ஒட்டியது.

ஐந்து தளிர் வந்தது. அவை நுனி விட நானே கிள்ளினேன், ஒன்று இரண்டாய் விரிந்தது. இந்த ஆவணிக் கொடியேற்றத்துக்கு ஒற்றைக் காலில் குடை விரித்து, குடை முழுக்கச் சிவப்பாய்ப் பூத்து நின்றது. சுவிஸ் வீட்டுக்காரி இரண்டு தரம் சுற்றிவந்தாள்.

"வேலித்தடிதானோ அக்கா?"

"வேலித்தடிதான்."

"கொஞ்சம் உயர விட்டிருக்கலாம்" என்றாள். அவளுக்கு ஏதாவது சொல்லாமல் போகத் தெரியாது.

"உது காணும்" என்றேன்.

சொன்ன கையோடு பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே நெருஞ்சிதான் பூத்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. உது உம்மடை அக்காவின்ரை உயரம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த மழைக்கே வெட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓம், கிள்ளிப்போட்டன் என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல்லையும் நுனியோடு கிள்ளித் தன் கைக்குள் பொத்திக்கொண்டு போய்விட்டார், விசர் மனிசன்.